தவளையும் சின்ன மீனும் ஒரே தொட்டியில் வாழுமா?

வணக்கம் நண்பர்களே. குமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு விளையிலிருந்து பேசுகிறேன். பின்னால் சடசடவென்று கேட்பது ரப்பர் இலைகளில் விழும் மழை. பேச்சோடு அதுவும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதி நீரும் பாதி நிலமுமாக அமைக்கிற பலுடேரியத்தில் தவளையையும் சின்ன மீனையும் சேர்த்து விடலாமா என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்லிவிட்டு என் தொட்டியைக் காட்டுகிறேன்.

வெளிநாட்டுக் காணொளிகளில் நீங்கள் பார்த்து ஆசைப்படுவது பெரும்பாலும் நெருப்பு வயிற்றுத் தேரை. முதுகு பச்சை, வயிறு செம்மஞ்சள், இரண்டிலும் கரும்புள்ளிகள். மிரண்டால் உடம்பை வில்லாக வளைத்து வயிற்று நிறத்தைக் காட்டும். என்னைத் தின்னாதே, நஞ்சு என்று அது எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை பொய்யல்ல. தோலில் உண்மையாகவே நஞ்சு சுரக்கிறது. குளத்தில் என்றால் கரைந்து போய்விடும். 40 லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? அங்கேயே தேங்கும். மீன் செவுள் வழியாக மூச்சுக்கு இழுப்பதும் அதே தண்ணீரைத்தான். அந்தத் தேரையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் நமக்கே எரியும். வெப்பமும் ஒத்துவராது. வடகிழக்குச் சீனா, கொரியா பக்கத்து உயிர் அது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இதம். பங்குனி வெயிலில் நாகர்கோவில் மாடி அறை ஒன்றில் அது படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கம், மீனாலும் தவளைக்குக் கேடு உண்டு. இதை யாரும் பேசுவதில்லை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் அந்தத் தோலில்தான் முதலில் படும். அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் இரண்டையும் ஒன்றாக விட்டால் இரண்டுமே வாடும்.

சரி, நம் ஊர்த் தவளை? மழைக்கு மஞ்சளாகி, தாடைக்குக் கீழே நீலப் பைகளை உப்பவைத்துக் கத்துகிற வயல் தவளையைப் பார்த்திருப்பீர்கள். என்ன அழகு! ஆனால் எதிரில் அசைந்து, வாய்க்குள் அடங்கும் எதையும் அது விழுங்கும்: மீன், சுண்டெலி, தன்னைவிடச் சிறிய தவளை. அதன் தலைப்பிரட்டைகளும் ஊன் தின்பவை. மனிதர்கள் வழியாக அந்தமானுக்குப் போன இந்த இனம் அங்குள்ள சிற்றுயிர்களுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. சொறித்தவளையோ நிலத்து உயிர். முட்டையிடத்தான் தண்ணீருக்கு வரும். ஏறிவரச் சரிவு இல்லாத கண்ணாடித் தொட்டியில் நீந்திக் களைத்து மூழ்கிவிடும். எதுவானாலும் வயலிலிருந்து பிடித்து வராதீர்கள். தவளைக் கால் ஏற்றுமதிக்காக வயல் வயலாக அள்ளிய காலம் ஒன்று இருந்தது. 1987இல் அந்த ஏற்றுமதிக்கே இந்தியா தடை போட்டது.

இப்போது இங்கே பாருங்கள். சிமெண்ட் தொட்டி, மேலே மூடி இல்லை. ஒரு பக்கம் செம்பாறைக் கல்லைச் சரிவாக அடுக்கி, இடுக்குகளில் தேங்காய்க் கதம்பை திணித்து, பாசி படரவிட்டிருக்கிறேன். ஓரத்தில் சேம்பு, பெரணி. தண்ணீர் முழுக்க மழைநீர். மீன்கள் நம் வாய்க்காலில் மேல்மட்டத்திலேயே நீந்துமே, தலையில் வெள்ளிப் பொட்டு மின்னுமே, அவைதான். கொசுப் புழுவை விடாது தின்னும். துள்ளக்கூடியவை என்பதால் தண்ணீரை விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்துகிறேன்.

தவளையை நான் கொண்டுவரவில்லை, அவையே வருகின்றன. பிடிக்கவில்லை என்றால் போய்விடுகின்றன. என் கருத்தில் தவளையும் மீனும் சேர்ந்திருக்க இது ஒன்றுதான் நியாயமான ஏற்பாடு. நஞ்சும் கழிவும் தேங்கினால் ஒதுங்கத் தவளைக்கு இடம் இருக்கிறது, அதன் வாய்க்குத் தப்ப மீனுக்குச் செடி மறைவு இருக்கிறது.

அந்தச் சேம்பு இலையைப் பாருங்கள். வெள்ளை நுரை தெரிகிறதா? மரத்தவளையின் கூடு. நுரைக்குள் முட்டைகள். சில நாளில் தலைப்பிரட்டைகள் வெளிவந்து நேராகக் கீழே விழும். கீழே மீன் இருந்தால் அவை பிழைப்பது அரிது. அதனால்தான் இலைக்கு அடியில் மீன் இல்லாத இந்தத் தனி வாளி. கொசுவுக்காக 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்று தீர்க்கும்.

இன்னொன்று. தொட்டி நிரம்பி வழியும் இடத்தில் கண்ணி நெருக்கமான வலை கட்டுங்கள். கப்பி போன்ற வெளிநாட்டு மீன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கட்ட வேண்டும். நம் மாவட்டத்தில் வாய்க்காலும் குளமும் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல்தான் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் தொட்டி மீன் அங்கே போய்ச் சேரக் கூடாது. வலை கட்டும் முறையை அடுத்த காணொளியில் காட்டுகிறேன். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். வணக்கம்.