பேபி ஆயில் குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கலாமா?

அடுத்த கேள்வி சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா கேட்டது. ஒன்றரை வயது மகன் பேபி ஆயில் பாட்டிலை வாயில் கவிழ்த்துவிட்டான், புரை ஏறி இருமினான், பாட்டி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார், செய்யலாமா?

வேண்டவே வேண்டாம்மா. பேபி ஆயில் வயிற்றுக்குள் போனால் பெரிதாக ஒன்றும் செய்யாது, நுரையீரலுக்குள் போனால்தான் வம்பு, வாந்தி எடுக்க வைத்தால் அது மேலே வரும்போது மறுபடியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்க வாய்ப்பு கொடுக்கிறீர்கள். பேபி ஆயில், பெயிண்டில் கலக்கும் தின்னர், சிட்ரோனெல்லா விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், மண்ணெண்ணெய் இதெல்லாம் நீர்த்த எண்ணெய்கள். தண்ணீர் மேல் விழுந்த எண்ணெய்ச் சொட்டு மாதிரி ஒரு துளியே சட்டென்று பரவிவிடும். காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சைக் குலைத்துவிடும், வீக்கம் வரும், ஆக்சிஜன் குறையும். அமெரிக்காவில் 2001இல் பேபி ஆயில் மாதிரி நீர்த்த எண்ணெய்களுக்கும் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று விதி கொண்டுவந்தது சும்மா இல்லை.

புரை ஏறி இருமினான் என்கிறீர்களே, அதுவே கொஞ்சம் உள்ளே போயிருக்கலாம் என்பதற்கு அடையாளம். இப்போது ஓடி விளையாடினாலும் இன்றே குழந்தைகள் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எடுக்கும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், மாற்றம் தெரியச் சில மணி நேரம் ஆகும், அதனால்தான் 6 முதல் 8 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். "ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லையே" என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள், இது கிருமியால் வருவது இல்லை. மூச்சு வேகமாகி நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, துவண்டு போனாலோ ஆம்புலன்ஸுக்கு 995தான்.

நல்லெண்ணெய், சமையல் எண்ணெய் கெட்டி, புரை ஏறாமல் ஒரு வாய் விழுங்கினால் பெரும்பாலும் வயிறு கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஆனால் ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் இன்னமும் சிலர் பச்சைக் குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள், மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நழுவி உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும், வாரக்கணக்கில் சளி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

அப்புறம், கோடாலித் தைலம், யூகலிப்டஸ் தைலம் குடித்திருந்தால் கணக்கே வேறு. இவற்றில் இருக்கும் கற்பூரமும் யூகலிப்டஸும் சில நிமிடங்களிலேயே வலிப்பை வரவழைக்கலாம், இருமுகிறானா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கிளம்பிவிடுங்கள்.