தீபாவளிக் கூடைக்குள் இருந்த வெள்ளை உறை

[காட்சி: தீபாவளிக்கு முந்தைய வாரம், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீதி]

வணக்கம். லஞ்சம் கொடுக்க வந்தவரை "வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதன் பிறகும் உங்களுக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம் என்றால் நம்புவீர்களா? நம் மலேசியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நான் கணக்குப் பிரிவில் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், தீபாவளிக்கு நான்கு நாள்கள் இருக்கும்போது, கொள்முதல் பிரிவு அக்காவுக்கு ஒரு பரிசுக்கூடை வந்தது. கொண்டுவந்த லாரி ஓட்டுநர், "முதலாளி உங்கள் கையிலேயே கொடுக்கச் சொன்னார், அக்கா" என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். முறுக்கு டின்னுக்கு அடியில் ஒரு வெள்ளை உறை. உள்ளே 500 ரிங்கிட்டுக்குப் பேரங்காடி வவுச்சர்கள். அனுப்பியவரின் விலைப்புள்ளி மறுவாரம்தான் பரிசீலனைக்கு வரவிருந்தது.

இதே கூடை நிறுவனத்தின் பெயருக்கு வந்து, வரவேற்பறையில் எல்லார் முன்னிலையிலும் பிரிக்கப்பட்டிருந்தால், பண்டிகைப் பலகாரம் என்று நானும் இரண்டு முறுக்கு எடுத்துக்கொண்டிருப்பேன். "உங்கள் கையிலேயே" என்ற சொல்லும் வந்த நாளும்தான் என்னை உறுத்தின. அந்த அக்கா வேறு பிரிவுக்கு மாறிவிட்டால், அடுத்த தீபாவளிக்கு அந்தக் கூடை அவரைத் தேடி வருமா, அவருடைய நாற்காலியைத் தேடி வருமா என்று கேட்டுப் பாருங்கள். அன்பளிப்பையும் கையூட்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த நேரான வழி இதுதான். 'டூயிட் கோப்பி', அதாவது மலாயில் 'காப்பிக் காசு', என்று பெயர் வைத்து நாம் இதை ஒரு குவளைக் காப்பியாகச் சுருக்கிவிட்டோம். சட்டமோ பணத்தோடு பரிசு, கடன், தள்ளுபடி, வேலைவாய்ப்பு ஆகியவற்றையும் கையூட்டாகக் கருதுகிறது.

இப்போது முதலில் சொன்ன செய்திக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கையூட்டு கொடுக்கப்பட்டாலோ, தருவதாகச் சொல்லப்பட்டாலோ, அதை ஆணையத்திடமோ காவல்துறையிடமோ தெரிவிப்பது உங்கள் கடமை. தவறினால் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களிடம் ஒருவர் கையூட்டுக் கேட்டு, தக்க காரணமின்றி நீங்கள் அதைத் தெரிவிக்காமல் இருந்தாலும் குற்றமே. ஆனால் அதற்கு உச்சத் தண்டனை 10,000 ரிங்கிட்டும் 2 ஆண்டுகளும்தான். இந்த வேறுபாட்டை முதன்முதலில் படித்தபோது நான் வியந்துபோனேன்.

முதலாளிமார்களுக்கு ஒரு சொல்: இதே சட்டத்தில் 2020 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள 17A பிரிவின்படி, உங்கள் நிறுவனத்தின் நலனுக்காக ஓர் ஊழியர் கையூட்டுக் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும், போதிய தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவதே தற்காப்பு.

அந்த அக்கா எதையும் கலைக்காமல் படம் எடுத்தார், மேலாளரையும் என்னையும் சாட்சிக்கு அழைத்தார், தேதி, நேரம், ஓட்டுநர் சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதிவைத்து, அன்றே ஆணையத்திடம் புகார் கொடுத்தார். 2010ஆம் ஆண்டின் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம் ஆணையம், காவல்துறை போன்ற அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்கே அரணாக நிற்கிறது. ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்ப்பவருக்கு அந்த அரண் இல்லை.

உங்கள் அலுவலகத்தில் அன்பளிப்புப் பதிவேடு இருக்கிறதா, கடைசியாக அதில் யார், எப்போது எழுதினார்கள் என்று நாளை பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். ஆள் பெயரையும் நிறுவனப் பெயரையும் அங்கே எழுத வேண்டாம். அவை ஆணையத்துக்குப் போக வேண்டியவை.