ரெக்கார்டிங் கடைச் சீட்டு சொல்ற கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் கீழ இறக்கிக்கிறேன், எனக்கு முன்னாடி பேசின தம்பி நல்ல வளர்த்தி.

தமிழ் சினிமாப் பாட்டுல எந்தப் பத்து வருஷம் ஒசத்தி, இதான் இன்னிக்குத் தலைப்பு. வாத்தியாரய்யா அறுபதுகளுக்குப் பேசினாரு, கண்ணதாசன் வரிய அவரு சொல்லச் சொல்ல பின்வரிசைல ரெண்டு பெரியவங்க கூடவே முணுமுணுத்தத நான் பாத்தேன். தம்பி தொண்ணூறுகளுக்குப் பேசினாப்ல, ரகுமான் பேரை எடுத்ததும் விசில் பறந்துச்சு. நடுவுல எண்பதுக்கு ஆள் இல்லன்னு என்னை இழுத்துட்டு வந்துட்டாங்க. நான் பேச்சாளரெல்லாம் கிடையாதுங்க, 1982லருந்து 1996 வரைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல கேசட் ரெக்கார்டிங் கடை வச்சிருந்தவன், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சனங்க சீட்டுல எழுதிக் குடுத்ததுதான்.

சீட்டுன்னா என்னன்னு சின்னப் புள்ளைகளுக்குச் சொல்லிடறேன். வெறும் கேசட் ஒண்ணு வாங்கி, வேணுங்கற பாட்டையெல்லாம் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க, நாங்க பிளேட்டுலருந்து, அதான் இசைத்தட்டு, ஒவ்வொண்ணா அதுல ஏத்திக் குடுப்போம், மூணு நாள் ஆகும், தீபாவளி சமயம்னா பத்து நாள். சட்டப்படி அது தப்புதான், அன்னிக்கு எங்க தெருவுல யாரும் அப்படி நெனைக்கல, நானும் நெனைக்கல, இப்ப ஒத்துக்கறேன். அறுபது நிமிஷ கேசட்டுன்னா பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறு பாட்டு தாராளமா உக்காரும், ஏழாவதுலதான் வம்பு, ரெண்டாவது சரணம் போயிட்டிருக்கும்போதே டேப்பு தீந்து பட்டன் டக்குனு எழும்பிடும். அப்படிப் பாதில அறுத்துக் குடுத்தா கஸ்டமர் சண்டைக்கு வருவாரு. அதனால ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம்னு ஒரு நாப்பது பக்க நோட்டுல குறிச்சே வச்சிருந்தேன், கடைசில மூணு நிமிஷம் மிச்சமிருந்தா சின்னப் பாட்டா நானே ஒண்ணு போட்டு ரொப்பிடுவேன். அப்ப எப்பவும் பழைய பாட்டுக்குத்தான் கை போகும், வாத்தியாரய்யா கவனிக்கணும், அது என் ரசனை இல்ல, நீளம். 78 சுத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு மூணரை நிமிஷம்தான் புடிக்கும், அதுக்குள்ள பல்லவி அனுபல்லவி சரணம் எல்லாத்தையும் முடிச்சாகணும், முடியலன்னா தட்டைத் திருப்பிப் போட்டு மிச்சத்தக் கேக்கணும். அந்தக் காலத்துப் பாட்டுல வரி அவ்வளவு பளிச்சுனு கேக்குதே, ஒரு வார்த்தை கூட வீண் போகலையேன்னு அய்யா சொன்னாரே, அதுல பாதிப் பெருமை கவிஞருக்கு, மீதி அந்தத் தட்டுக்குச் சேரணும்.

சரி விஷயத்துக்கு வரேன். எனக்கு இந்த அறுபது எழுபது எண்பதுங்கற பிரிப்பே ஒத்து வரல. நாம என்னிக்குங்க அப்படிப் பேசியிருக்கோம்? டீக்கடைல உக்காந்தா எம்.எஸ்.வி. காலம், ராஜா காலம், ரகுமான் காலம்னுதான் பேசுவோம். நூறு வருஷக் கேலண்டரைப் பத்துப் பத்தா நறுக்கினா பாட்டு அந்த இடத்துல நறுங்காது. எழுபதுகளையே எடுத்துக்கங்க, 1976 மே மாசம் ராஜாவோட முதல் படம் அன்னக்கிளி வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருக்கற ஆறு வருஷம் ஒரு ஊரு, பின்னாடி இருக்கற மூணு சொச்சம் வேற ஊரு. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு, பெரியம்மா மக கல்யாணத்துல தென்னை மரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர்ல ஜானகியம்மா குரல் வந்தப்ப, தோட்டத்துல நாத்து நட்டுட்டிருந்த பொம்பளைங்க நிமிந்து பாத்தாங்க, ஏன்னா அது அவங்க பாடற மாதிரியே இருந்துச்சு. அதே மாதிரி 1992 ஆகஸ்ட்ல ரகுமானோட முதல் படம் ரோஜா. தொண்ணூறுகள்னு தம்பி பேசினது அந்த ஆகஸ்ட்லருந்துதான், 90, 91 ரெண்டு வருஷமும் ராஜா கையிலதான இருந்துச்சு.

ஆனா காலம்னு பிரிக்கறதும் தப்புன்னு எனக்குக் கடை சொல்லிக் குடுத்துச்சு. 84ல ஒரு தையல்கார அக்கா குடுத்த சீட்டு ஞாபகம் இருக்கு, ரோஸ் கலர் பில் பேப்பருக்குப் பின்னாடி எழுதியிருந்தாங்க. முதல் பாட்டு மூன்றாம் பிறைல வர்ற கண்ணே கலைமானே, அடுத்தது வறுமையின் நிறம் சிவப்புல சிப்பி இருக்குது, அதுக்கடுத்து சுசீலாம்மாவோட ரெண்டு கருப்பு வெள்ளைப் பாட்டு, அப்புறம் சங்கராபரணத்துல ஏதாவது ஒண்ணு, எது நல்லா இருக்கோ நீங்களே போடுங்க தம்பின்னு ஒரு குறிப்பு. ஒரே சீட்டுல இளையராஜா, எம்.எஸ்.வி., கே.வி.மகாதேவன் மூணு பேரும் உக்காந்திருக்காங்க, கருப்பு வெள்ளை ரெண்டையும் தள்ளிட்டாக்கூட மிச்சம் எல்லாமே அப்ப அஞ்சாறு வருஷத்துக்குள்ள வந்தது. அந்தக்கா எந்தக் காலத்து ரசிகை? சொல்லுங்க பாப்போம்.

இதான் என் கட்சி. நல்ல பத்து வருஷம்னா ஒருத்தர் மட்டும் கொடிகட்டிப் பறந்த வருஷம் இல்ல, பழையவங்களும் வித்தை குறையாம இருந்து, புதுசா வந்தவங்களும் அதே தெருவுல நடந்த வருஷம். அப்படி ஒரு பத்து வருஷம் நம்மகிட்ட இருக்கு, ஆனா அது பூஜ்யத்துல ஆரம்பிக்கல, 1976லருந்து 1986. என்னை எண்பதுக்குத்தான பேசச் சொன்னீங்க, கொஞ்சம் வேலிய நகத்திக்கிட்டேன், தலைவர் மன்னிக்கணும்.

யாரு யாரு இருந்தாங்கன்னு பாருங்க. கண்ணதாசன் 1981 அக்டோபர்ல சிகாகோல காலமாகிற வரைக்கும் எழுதிட்டே இருந்தாரு, அந்தக் கண்ணே கலைமானேதான் அவரு எழுதின கடைசிப் பாட்டு, அதுக்கு மெட்டு யாரு, இளையராஜா. எம்.எஸ்.வி. கூடவே வாழ்ந்த பேனா, கடைசியா மூடினது அடுத்த தலைமுறை மெட்டுக்கு. அதுக்கு முந்தின வருஷம்தான், 1980ல, நிழல்கள் படத்துல வைரமுத்து முதல் பாட்டு எழுதறாரு. ஒருத்தர் கெளம்பறதுக்கு முன்னாடியே இன்னொருத்தர் வந்து உக்காந்தாச்சு. டி.எம்.எஸ். அய்யா அறுபதை நெருங்கிட்டாரு, அந்த 1980லதான் ஒருதலை ராகம் வருது, படம் முழுக்க காலேஜ் பசங்க, அதுல போயி நான் ஒரு ராசியில்லா ராஜான்னு பாடறாரு, காலேஜ் பசங்க அதக் கேட்டு அழுதாங்க, என் கடைல மாசத்துக்கு இருபது சீட்டாவது அந்தப் பாட்டோட வரும், எழுதிக் குடுத்தவன் மூஞ்சியப் பாத்தாலே விஷயம் புரிஞ்சிடும்.

பாடகிங்கள எடுத்துக்கங்க. சுசீலாம்மா பாடிட்டிருக்காங்க. ஜானகியம்மாவுக்கு 16 வயதினிலே செந்தூரப் பூவேக்கு தேசிய விருது. வாணி ஜெயராமுக்கு அபூர்வ ராகங்களுக்கே கிடைச்சாச்சு, அது 75, என் கணக்குக்கு ஒரு வருஷம் முன்னாடி, ஆனா அவங்க பாடினதெல்லாம் அதோட நின்னா போச்சு? 1985ல சிந்து பைரவில பாடறியேன் படிப்பறியேன் பாடி சின்னப் பொண்ணு சித்ராவும் தேசிய விருது வாங்கியாச்சு. நாலு குரல், நாலும் நாலு விதம், ஒரே சமயத்துல. மகாதேவன் மாமா சத்தமே இல்லாம சங்கராபரணம்னு ஒரு தெலுங்குப் படத்துக்குப் பாட்டு போட, தெலுங்கே தெரியாத நம்ம ஊரு பார்பர் ஷாப்ல தொரகுணா இதுவண்டி சேவான்னு தப்பு தப்பா பாடிட்டிருந்தாங்க.

அந்தப் பத்து வருஷம் முடியறது எங்கன்னு கேட்டீங்கன்னா, 1986ல மெல்லத் திறந்தது கதவு. இசைன்னு எம்.எஸ்.வி., இளையராஜா ரெண்டு பேர் பேரும் சேந்து வந்துச்சு. அந்தப் பிளேட்டு உறைய நான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள முன்பக்கம் தெரியற மாதிரி வச்சிருந்தேன், நின்னு பாக்காம போனவங்க கம்மி. மெல்லிசை மன்னரப் பாத்து வளந்தேன்னு சொன்னவரும் மெல்லிசை மன்னரும் ஒரே உறைல. இன்னொண்ணு, அதே சமயத்துல ராஜா ஆர்கெஸ்ட்ரால கீபோர்டு வாசிச்சிட்டிருந்த திலீப்னு ஒரு பையன், அவருதான் பின்னால தம்பியோட தலைவரு ரகுமான். ஆக தம்பி, உங்க ஆளும் எங்க பத்து வருஷத்துல மூலையில உக்காந்து வாசிச்சிட்டுத்தான் இருந்தாப்ல.

இப்ப அறுபதுகளுக்கு ஒரு பதில் சொல்லிடறேன். அய்யா சொன்ன பாட்டெல்லாம் தங்கம், மறுக்கல. ஆனா நாம கேக்கறது சலிச்சு எடுத்த தங்கம். என் கடைல அறுபதுகளோட பிளேட்டு ஒரு அலமாரி முழுக்க இருந்துச்சு, அதுல கால்வாசிதான் சுத்தும், மிச்சத்த எடுத்துத் தொடச்சு வைக்கறதோட சரி, பதினாலு வருஷத்துல ஒருத்தர் கூட கேக்காத பாட்டு எத்தனையோ. சலிச்சது யாருன்னா, பாதி இலங்கை வானொலி. 1952ல மத்திய மந்திரி கேஸ்கர் சினிமாப் பாட்டு தரம் கெட்டதுன்னு ஆகாசவாணில கிட்டத்தட்ட நிறுத்திட்டாரு, நம்ம சனம் அப்படியே ரேடியோ முள்ள கொழும்பு பக்கம் திருப்பிடுச்சு, 57ல விவித் பாரதி வந்த பிறகும் எங்க வீட்ல முள்ளு அந்தப் பக்கம்தான் கெடந்துச்சு. மயில்வாகனன் அய்யா, அப்புறம் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, இவங்க எதத் திரும்பத் திரும்பப் போட்டாங்களோ அதுதான் இன்னிக்கு நமக்கு அறுபதுகள். எண்பதுகளுக்கு அந்தச் சல்லடை கிடைக்கல, ஒரே வருஷத்துல ராஜா மட்டும் நாப்பது அம்பது படம் பண்ணினா அதுல சுமாரானதும் இருக்கத்தான் செய்யும், அது எல்லாம் எங்க காதுல இன்னும் கெடக்கு. குப்பையும் சேத்து வச்சு நாங்க போட்டிக்கு நிக்கறோம், நீங்க குப்பையக் கொட்டிட்டு வந்திருக்கீங்க.

தொண்ணூறுகளுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு உண்மைய ஒத்துக்கணும். என் கடை செத்தது அந்த வருஷங்கள்லதான், அதனால என் வாக்குல கொஞ்சம் கோட்டம் இருக்கும், கழிச்சுக்கங்க. ரோஜா வந்தப்ப என்ன ஆச்சுன்னா, நான் ஏத்திக் குடுத்த கேசட்ட ஒரு காலேஜ் பையன் திருப்பிக் கொண்டாந்து, அண்ணே அடில ஒரு சத்தம் வருமே அது இதுல இல்லையேன்னான். இருபது தடவ கேட்டேன், ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் தொடச்சேன், சின்ன ஸ்க்ரூடிரைவர் வச்சுத் திருகிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல, அந்த பேஸ் என் டெக்குக்குள்ள நுழையவே மாட்டேங்குது. அவன் கம்பெனி போட்ட ஒரிஜினல் கேசட்டே காசு குடுத்து வாங்கிட்டுப் போயிட்டான். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, இனிமே சனம் பாட்டை மட்டும் கேக்கல, சத்தத்தக் கேக்குதுன்னு. அந்த கேசட் அட்டைல வாசிச்சவங்க பேரு, சவுண்டு இஞ்சினியர் பேரெல்லாம் பொடி எழுத்துல போட ஆரம்பிச்சாரு ரகுமான், அத நான் மனசாரப் பாராட்டறேன், அதுக்கு முன்னாடி எத்தனையோ வயலின்காரங்க பேரு தெரியாமலே போயிட்டாங்க.

ஆனா தம்பி, முன்ன பிரசாத் ஸ்டுடியோல காலைல ஏழு மணிக்கு வயலின், புல்லாங்குழல், தபேலா, கிடார்னு மொத்தக் கூட்டமும் நொட்டேஷனோட உக்காந்து வாசிக்கும், பாடறவங்களும் அதே நேரம் பாடணும், ஒருத்தரு தப்பு பண்ணினா எல்லாரும் முதல்லருந்து. அந்தப் பயம் பாட்டுல கேக்கும். பின்னால ஒவ்வொருத்தரா தனித்தனியா வந்து வாசிச்சிட்டுப் போக, அத அடுக்கி ஒட்டற முறை வந்துச்சு, அதுலயும் பெரிய பாட்டு வந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா பழையவரும் புதுசும் ஒரே ஹால்ல தோளோட தோள் இடிச்சு உக்காந்தது அதோட போச்சு.

ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம்னு தலைவர் சொல்றாரு. 2002ல பிபிசி உலகம் முழுக்க ஓட்டுப் போடச் சொல்லி பத்துப் பாட்டு எடுத்தாங்க, நம்ம தளபதி படத்து ராக்கம்மா கையத்தட்டு நாலாவது, குயின் குரூப்போட பொஹீமியன் ராப்சடி பத்தாவது. எனக்கு அன்னிக்கு ரொம்ப சந்தோஷம், ரெண்டு நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன், அப்புறம் யோசிச்சா அது யாரு உக்காந்து கிளிக் பண்ணாங்கங்கற கணக்குதான. அதுவும் 1991 பாட்டு, என் பத்து வருஷத்துல சேராது, சேத்துக்க ஆசையாத்தான் இருக்கு.

இப்ப வர்ற பாட்டப் பத்தி என்னைக் கேக்காதீங்க, பேரன் போட்டா கேக்கறேன், நல்லாவும் இருக்கு.

கடையக் காலி பண்ணப்ப அந்த நிமிஷக் கணக்கு நோட்டை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். போன வாரம் இதுக்காகப் பொரட்டினா நடுவுல வாங்கிட்டுப் போகாத சீட்டு ஒண்ணு செருகியிருந்துச்சு, பேரு இல்ல, அட்வான்ஸ் பத்து ரூபான்னு என் கையெழுத்து இருக்கு. ஆறு பாட்டு எழுதியிருக்காங்க, ஏ பக்கத்துக்கு. பி பக்கத்துக்கு நேரா, உங்களுக்குப் பிடிச்சத போடுங்கன்னு. நாலாவதா எழுதியிருக்கறது அந்த மெல்லத் திறந்தது கதவுல வர்ற வா வெண்ணிலா. மைக் செட் தம்பி, அது உங்க போன்ல இருக்கும்ல, அதப் போட்டு விடுங்க, ட்ரெபிளை மட்டும் கொஞ்சம் கொறைங்க, அந்த ஸ்பீக்கரு கீச்சுங்குது.