சௌக் வண்டிக்கா? கூடுகிறவர்களுக்கே!

நடுவர் அவர்களே, மும்பை மாட்டுங்கா தமிழ் நெஞ்சங்களே, வணக்கம். சௌக் என்றால் இந்த ஊரில் தெருக்கள் சந்திக்கிற இடம். ‘சௌக் என்பது மக்கள் கூடவா, வண்டிகள் கடக்கவா?’ இதுதான் தலைப்பு. கூடத்தான்.

கும்பகோணத்திலிருந்து என் மாமா வந்தார். “சௌக்கில் நில்லுங்க, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றேன். அவர் ஏதோ பெரிய மைதானத்தைத் தேடியிருக்கிறார். பூக்காரம்மாவைக் கேட்டார். “இதுதான்” என்றாள். பார்த்தால் நாலு தெரு முட்டுகிற இடம், ஒரு பெயர்ப்பலகை. மாமா நம்புவாரா? பான் கடைக்காரரைக் கேட்டார். “இதுதான்.” வடாபாவ்காரரைக் கேட்டார். “அட, இதேதான்!” “முச்சந்தியைப் போய்...” என்று மாமா இழுக்க, “நல்லா எண்ணுங்க, நாற்சந்தி” என்று பஸ்ஸுக்கு நின்ற நம்ம ஊர்க்காரர் திருத்தினார். பான் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். பூக்காரம்மா சமாதானத்துக்கு வந்தாள். வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. நான் போனபோது மாமாவைக் காணோம், கூட்டம்தான் தெரிந்தது. உள்ளே புகுந்தால், மாமா வடாபாவ் தின்கிறார். பக்கத்தில் பான் கடைக்காரர், அவர் கையிலும் வடாபாவ். காசு யார் கொடுத்தது? நான்தான்!

எதிரணி நண்பர், “தெருவில் கூடுகிறவன் வேலைவெட்டி இல்லாதவன்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்தேன். புகார் நகரச் சதுக்கத்தில், அதுவும் ஒரு சௌக்தான், ஒரு பூதம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. நாலு காதம் கேட்கக் குரல் கொடுத்து, மைக் இல்லாமல்தான், பொய்ச்சாட்சி சொன்னவனைப் பிடித்துத் தின்னுமாம். அது வேலைவெட்டி இல்லாத பூதமா? நண்பரே, பேச்சைப் பார்த்துப் பேசுங்கள். 1955 நவம்பர் 21 அன்று, மும்பை மகாராஷ்டிரத்துக்கே என்று இந்த ஊர் ஃப்ளோரா ஃபவுண்டன் சந்திப்பில் கூடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1960 மே 1 அன்று மும்பையோடு மகாராஷ்டிரம் பிறந்தது. ஃப்ளோரா ஃபவுண்டன் ஹுதாத்மா சௌக் ஆனது, தியாகிகள் சௌக். வண்டி கடந்ததற்கா அந்தப் பெயர்?

வேலை இல்லாதவன் என்றீர்களே. ஆமாம், என் அப்பா இந்த ஊரில் நாக்காவில்தான் நின்றார். விடிந்ததும் கரண்டியும் தூக்குச்சட்டியுமாகக் கொத்தனார்கள் கூடும் அதே தெருமுனையில். மராட்டி தெரியாது, இந்தி தெரியாது. மேஸ்திரி ஐந்து விரல் காட்டினால் அப்பா ஆறு காட்டுவார். ஒருநாள் யாரும் கூப்பிடாமல் நின்றவருக்கு, பக்கத்தில் நின்ற பீகார்க்காரர் தன் சப்பாத்தியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாராம். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. நண்பரே, நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த நாக்காவுக்கு வாருங்கள். இதே வசனத்தை அங்கே ஒருமுறை சொல்லுங்கள், நான் கூடவே நிற்கிறேன். நன்றி, வணக்கம்.