மழை பெய்தாலும் நாடகம் இல்லை

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் வருகிற நாளில் எட்டு மணி நாடகத்தைத் தூக்கிவிடுகிறார்கள், அதைப் பேசத்தான் வந்தேன். ஆனால் நான் கிரிக்கெட்டுக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும்போது பையன்கள் வழிமறிப்பார்கள். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டம் எடுத்த ராத்திரி எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யார் தூங்கினார்கள்? 2010இல் காலி நகரில் முரளிதரன் 800ஆவது விக்கெட்டை எடுத்தபோது, கண்டிக்காரர், நம்ம ஆள் என்று துள்ளியவர்களில் நானும் ஒருவன்.

என் பேச்சு அந்த எட்டு மணி நாடகத்தைப் பற்றி. காலையில் மலைக்குப் போன பெண் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீடு வந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டிப் போட்டுவிட்டுக் கால் நீட்டுகிற நேரம் அது. பகலிரவு ஒருநாள் ஆட்டம் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கினால், அதன் இரண்டாம் பாதி சரியாக அந்த நேரத்தில்தான் வந்து உட்காரும். பெரிய விலைக்கு உரிமை வாங்கிய அலைவரிசை, ஓவருக்கு ஓவர் விளம்பரம் போட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். அது எனக்கும் புரிகிறது.

பக்கத்து லயத்து அம்மாயிக்குத்தான் புரியவில்லை. ஒரு நாள் ராத்திரி அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆட்டம் நடக்கிற ஊரில் மழை. மைதானத்தை மூடிவிட்டார்கள். நடுவர்கள் குடையோடு நிற்கிறார்கள். கோட்டு போட்ட மூன்று பேர் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அப்புறம் ஏதோ பழைய ஆட்டத்தை எடுத்துப் போட்டார்கள்.

அம்மாயி கேட்டார்: “மழைதானே தம்பி பெய்யுது? இப்ப விளையாடலையே. நாடகத்தைப் போட்டா என்ன?”

மழை எந்நேரமும் விடலாம், ஓவரைக் குறைப்பார்கள், அதற்கேற்ப இலக்கை மாற்ற டக்வேர்த் லூயிஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது என்று விளக்கிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாங்க மழையிலயும் மலையேறிக் கொழுந்து எடுக்கிறோம். இவங்க என்ன, உப்புலயா செஞ்சிருக்கு?”

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு வராத பகுதியை மறுநாள் போட்டார்களா, தாண்டிப் போனார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே ஓடுகிற எழுத்தில்கூடத் தமிழில் ஒரு வரி இல்லை.

இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில் ஒன்று நடந்தது. 1968 நவம்பர் 17. நியூயோர்க் ஜெட்ஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஆட்டம். அது அவர்களுடைய ஃபுட்போல், நம்ம உதைபந்து இல்லை. முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் இருக்கும்போது, ஏழு மணியாகிவிட்டது என்று என்.பி.சி. தொலைக்காட்சி ‘ஹைடி’ என்ற சிறுவர் படத்துக்கு மாறிவிட்டது. பின்தங்கியிருந்த ரெய்டர்ஸ் அந்தக் கடைசி நிமிடத்தில் இரண்டு முறை கோடு தாண்டி 43க்கு 32 என்று வென்றார்கள். அழைப்புகள் குவிந்து நிலையத்தின் தொலைபேசியே அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஆட்டத்தை முடியும்வரை காட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

கவனியுங்கள், தொலைபேசி எடுத்தவர்கள் ஆட்டம் பார்த்தவர்கள். அம்மாயி யாருக்கு எடுப்பார்? எந்த எண்ணுக்கு? எடுத்தாலும் மறுமுனையில் தமிழ் பேச ஆள் இருக்க வேண்டுமே. திட்டுவதற்கு ஆள் இல்லாத நிகழ்ச்சிதான் முதலில் தூக்கப்படுகிறது. அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினிக்கு ஒளிபரப்புக் கோபுரம் நிற்பது நுவரெலியாவுக்கு மேலே, நம்ம பீதுருதாலகாலை மலையில். அதன் அடிவாரத்துச் சனத்தின் குரல் மட்டும் கொழும்புக்கு எட்டுவதில்லை.

வானொலியில் தமிழ் நேர்முக வர்ணனை பற்றியும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடமாம். சரி, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுவிடுகிறேன். நாடகம் இல்லை என்பதை மாலையிலேயே தமிழில் அறிவியுங்கள். விடுபட்ட பகுதி என்றைக்கு வரும் என்றும் அதோடு சொல்லுங்கள். மழையில் ஆட்டம் நின்றால், அரை மணி நேரமாவது... ஒரு விரலாகிவிட்டது. வணக்கம்.