இனித்தது யாருக்கு, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

'வறுமையில் கழிந்த பள்ளி நாட்களை இன்று நினைத்தால் மிஞ்சுவது இனிப்பா, கசப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய இனிப்பு அணித் தலைவர் புளியமரத்தடி, குச்சி ஐஸ், கோவை இலையால் சிலேட்டுத் துடைத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். பொய் சொல்ல மாட்டேன், நானும் தட்டினேன். அந்தக் கோவை இலை வாசம் என் மூக்கிலும் இருக்கிறது.

சரி, அவர் விட்டதை நான் சொல்கிறேன்.

சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு எங்கள் ஊர். என் டவுசரின் பின்பக்கம் இரண்டு ஓட்டை. பையன்கள் அதற்குத் 'தபால் பெட்டி' என்று பேர் வைத்தார்கள். ஒருத்தன் காகிதத்தை மடித்து நிஜமாகவே உள்ளே போட்டான். சிரியுங்கள், சிரிப்பதற்குத்தான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குக் கரும்பலகையில் கணக்குப் போட சார் என்னைக் கூப்பிட்டார். விடை தெரியும். எழுந்து போனால் வகுப்புக்கே முதுகைக் காட்ட வேண்டுமே! தெரியாது என்று சொல்லி, உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டி இரண்டு அடி வாங்கிக்கொண்டேன். தெரிந்த கணக்குக்கு அடி வாங்கியதில் என்ன இனிப்பு, ஐயா?

எதிரணி நண்பர் சத்துணவு வரிசையைச் சொல்லி உருகினார். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது நான் நாலாம் வகுப்பு. மஞ்சள் பையில் புத்தகத்தோடு நெளிந்த அலுமினியத் தட்டும் வரும். அந்தச் சோறு இனித்தது, சத்தியம். ஏன் இனித்தது? முந்தின ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவில்லை. பசியை வீட்டிலேயே விட்டுவிட்டு ருசியை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்தால் எப்படி? காமராசர் 1956-லேயே பள்ளியில் மதிய உணவு போட்டார். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்தது. பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது என்று தெரிந்துதானே 66 வருஷம் கழித்தும் அரசாங்கம் காலையில் உப்புமா கிண்டுகிறது?

அப்புறம், முக்கியமான ஆள் ஒருத்தரை நாம் இரண்டு அணியுமே மறந்துவிட்டோம்.

எங்கள் பள்ளிக்கூடத்து மணி, வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அடிப்பது என் வகுப்புப் பெண் ஒருத்தி. முதல் மார்க்கும் அவள்தான். எங்களில் கடிகாரம் பார்க்கத் தெரிந்ததும் அவளுக்குத்தான். ஐந்தாம் வகுப்பில் அரைப் பரீட்சை லீவு முடிந்து போனால் அவள் இடம் காலி. விடியுமுன் ஊருக்குள் வருகிற தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிவிட்டாள். தீக்குச்சி அடுக்குகிற மரச் சட்டம் ஒன்பது, பத்து வயதில் அவள் கைக்கு வந்துவிட்டது, நடுவர் அவர்களே. தீப்பெட்டி வேலையில் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று 1938-லேயே சட்டம் உண்டு; 1986-ல் மறுபடியும் ஒன்று வந்தது. அது எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் அவளுக்கு வயசு தாண்டிப்போனது.

இந்த மேடையைப் பாருங்கள். எதிரணியில் இரண்டு வாத்தியார், ஒரு வங்கி மேலாளர். எங்கள் பக்கம் மட்டும் என்ன, நானே அரசாங்கச் சம்பளக்காரன். எல்லோரும் வண்டியில் ஏறாமல் தப்பியவர்கள். தப்பியவர்களை மட்டும் உட்காரவைத்து 'பள்ளி நாட்கள் இனித்ததா?' என்று கேட்டால் இனித்தது என்றுதான் பதில் வரும்! வண்டியில் ஏறியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? அவர்களை யார் கேட்டது?

நான் கேட்டேன். போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கோயில் வாசலில் அவளைப் பார்த்தேன். பேரன் இடுப்பில் இருந்தான். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பட்டிமன்றத்தில் பேசப்போகிறேன் என்றேன். இனிப்பு, கசப்பு என்று தலைப்பையும் சொன்னேன். அவள் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

"அங்க மணி அடிச்சது நான்தான்னு சொல்லிரு" என்றாள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். சொல்லிவிட்டேன், ஐயா. இப்போது அடியுங்கள்.