ஃபேன் நின்றால் யாரைக் கேட்பது?

[காட்சி: மேசை மேல் இரண்டு சீலிங் ஃபேன்கள், இறக்கைகள் கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருக்கின்றன]

வணக்கம். மேசையில் இருக்கும் இரண்டு ஃபேனிலும் கோளாறு. ஒன்று பழைய மாடல். கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது. இன்னொன்று ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகை. அது அசையவே இல்லை. முதலாவதை இந்த வீடியோ முடிவதற்குள் ஓட வைத்துவிடலாம். இரண்டாவது ஏன் முடங்கிக் கிடக்கிறது என்று பார்க்கப்போனால் பேச்சு அரசியலாகி டெல்லிக்கும் சென்னைக்கும் போகும். போகட்டும், அதற்காகத்தான் இந்த வீடியோ.

மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். சுற்றிலும் மொட்டைப் பாறை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். பகலெல்லாம் காய்ந்த பாறையும் மொட்டை மாடியும் ராத்திரி முழுக்க அனலை விடும். ஏ.சி. இல்லாத வீட்டில் ஃபேன் நின்றுவிட்டால் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் படும் பாட்டை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

[காட்சி: பழைய ஃபேனின் மேல்மூடி கழற்றப்படுகிறது, வெள்ளைக் கண்டன்சர் நெருக்கத்தில்]

சரி, பழைய ஃபேனுக்கு வருவோம். கழற்றுவதற்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். ரெகுலேட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்காதீர்கள்.

நம் வீட்டுக்கு வருவது ஒரு ஃபேஸ் கரண்ட். அதை ஒரே காயிலில் கொடுத்தால் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, வட்டமாகச் சுழலாது. அதனால் உள்ளே இரண்டு காயில் வைக்கிறார்கள். ஒன்று ரன்னிங், மற்றது ஸ்டார்ட்டிங். ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் கரண்ட் இந்தக் கண்டன்சர் வழியாகப் போகும்போது மற்றதைவிடச் சற்று முந்திக்கொள்கிறது. இரண்டு காயிலும் மாறி மாறி இழுக்க, புலம் சுழல்கிறது. அதன் பின்னாலேயே வெளிக்கூடும் இறக்கையும் சுழல்கின்றன. கண்டன்சர் தளர்ந்தால் அந்த முந்தல் போதாது. ஃபேன் மெதுவாகும், அப்புறம் தள்ளிவிட்டால்தான் கிளம்பும்.

கண்டன்சர் ஏன் தளர்கிறது? உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன் மேல் உலோகப் பூச்சு. வோல்டேஜ் எகிறும்போது படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். உடனே அதைச் சுற்றியுள்ள பூச்சு எரிந்து ஆவியாகி, பழுதான இடம் தானாகத் துண்டிக்கப்படும். வெடிக்காமல் தப்பிக்க இப்படி ஒரு ஏற்பாடு. எவ்வளவு அழகான யோசனை பாருங்கள். ஆனால் ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் கொஞ்சம் பூச்சு போய்விடுகிறது. கோடைச் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் தேயும்.

[காட்சி: மல்டிமீட்டர் திரை]

கண்டன்சரின் மேலே அதன் கொள்ளளவு 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். மீட்டரில் 1.6 வருகிறது. அவ்வளவுதான் கோளாறு. புதியது நூறு ரூபாய்க்குள் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். எந்தக் கம்பெனிக் கண்டன்சரானாலும் பரவாயில்லை, அதே அளவும் அதே வோல்டேஜும் இருந்தால் போதும்.

பேரிங்கும் அப்படித்தான். இதில் இருப்பது 6202. உள் துளை 15 மில்லிமீட்டர், வெளி விட்டம் 35, அகலம் 11. உலகத்தில் யார் செய்தாலும் 6202 என்றால் இந்த அளவுதான். நான் அரசியல் என்று சொல்வது முதலில் இதைத்தான். பேரிங் செய்பவர்கள் எல்லோரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டதால்தான் காட்பாடியில் ஒரு சின்னப் பட்டறை பிழைக்க முடிகிறது, குடியாத்தத்தில் ஒருவர் காயில் கட்டிக் குடும்பம் நடத்த முடிகிறது.

[காட்சி: பி.எல்.டி.சி. ஃபேன் திறக்கப்படுகிறது, பிசின் ஊற்றி மூடிய சர்க்யூட் போர்டு]

இப்போது இரண்டாவது ஃபேன். நான் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு எதிரி இல்லை, கணக்கு அதன் பக்கம்தான் நிற்கிறது. பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். பி.எல்.டி.சி. 30 வாட்டில் ஓடும். அதே இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்தான். 2016 மே மாதம் ஜெயலலிதா மீண்டும் முதல்வரானதும் அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தில், ஒரே ஒரு பழைய ஃபேன் முக்கால் பங்கை விழுங்கிவிடுகிறது. 2023 ஜனவரியில் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிளைக் கட்டாயமாக்கியது நல்ல முடிவு. நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் இந்த ஃபேனைப் பாருங்கள். மோட்டாரின் மூன்று காயிலையும் அளந்தேன், மூன்றும் ஒரே அளவு காட்டுகின்றன. பேரிங் சுத்தம், காந்தம் சுத்தம். போனது போர்டு மட்டும். வீட்டுக் கரண்ட்டை டி.சி.யாக மாற்றி, மூன்று காயிலுக்கும் முறை வைத்துக் கொடுப்பது இந்தப் போர்டின் வேலை. வோல்டேஜ் ஒரு தரம் எகிறினால் முதலில் அடிவாங்குவதும் இதுதான். ஈரம் புகாமல் இருக்கப் பிசின் ஊற்றியிருக்கிறார்கள். அதே பிசினால் எந்தப் பாகம் எரிந்தது என்று பார்க்கக்கூட வழியில்லை. சில கம்பெனிகள் போர்டைத் தனியாக விற்கின்றன. இந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை, வேறு மாடலின் போர்டும் இதற்குப் பொருந்தாது. கெட்டுப்போகாத செம்பும் இரும்பும் காந்தமும் எடைக்குப் போக வேண்டியதுதான். எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

[காட்சி: பழைய மிக்சி, கிரைண்டர், ஒரு லேப்டாப்]

2022 ஜூலையில் பிரதமர் மோடி இலவசங்களை ஓட்டுக்காக வாரி வழங்கும் 'ரேவடி' (வட இந்திய எள் மிட்டாய்) என்று பேசியதிலிருந்து, தமிழ்நாட்டில் இலவசம் சரியா தவறா என்ற சண்டை ஓயவில்லை. 2006-இல் தி.மு.க. கலர் டிவி, 2011-இல் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இவை வீண் என்று சொல்பவர்கள் ஆட்டுக்கல் முன் உட்கார்ந்து தினமும் மாவு ஆட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். கொடுத்தது சரிதான். என் கேள்வி அடுத்த கட்டத்தைப் பற்றியது. கொடுத்த பொருள் கெட்டால் உதிரிபாகம் எங்கே? அந்த மிக்சியின் கார்பன் பிரஷ்ஷும் கப்ளரும் எத்தனை வருடம் கடையில் கிடைக்க வேண்டும் என்று எந்தக் கட்சி மேடையிலும் நான் கேட்டதில்லை.

மத்திய அரசு பக்கம் வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பரில் இணையதளம் திறந்தார்கள். ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் முதல் வரிசையில் இருப்பது கைபேசியும் டேப்லெட்டும்தான். ஃபேன் அதில் இல்லை. மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவை கம்பெனிகளிடம் கேட்பது மறுசுழற்சிக் கணக்கு. உடைத்து உருக்குவதற்குச் சட்டம் இருக்கிறது, திருகாணியைக் கழற்றிச் சரிசெய்வதற்கு இல்லை.

பிரான்சில் கைபேசி, லேப்டாப், டிவி போன்றவற்றின் மேல் பத்துக்கு எத்தனை என்று பழுது மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாஷிங் மெஷினுக்கு உதிரிபாகம் பத்து வருடம் கிடைக்க வேண்டும் என்று அதே வருடம் விதி வந்தது. நம் ஃபேனில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அந்த மதிப்பெண்ணையும் அச்சிட இடம் இருக்கிறது.

டெல்லிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் கொடுப்பவர் சொன்னால் கம்பெனி கேட்காமல் இருக்குமா? பேட்டரியைத் திருகாணி போட்டுப் பொருத்து, பசை போட்டு ஒட்டாதே. ஏழு வருடம் உதிரிபாகம் கொடு. சர்க்யூட் வரைபடத்தை ஐ.டி.ஐ.களுக்குக் கொடு. இத்தனையும் டெண்டரில் எழுதலாம், புதுச் சட்டம் வேண்டாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.

[காட்சி: பழைய ஃபேன் மாட்டப்பட்டு, தள்ளாமலே சுற்றத் தொடங்குகிறது]

கண்டன்சர் மாற்றியாயிற்று, ஓடுகிறது. பி.எல்.டி.சி. வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம், "அண்ணே, வாரண்டி முடிந்த பிறகு இதற்குப் போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் பில்லிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கம்பெனி ஃபேனைக் காட்டச் சொல்லுங்கள்.